ராணுவத்திலிருந்து பகுதிநேர சி.டி.ஓ. பணிக்கு

ராணுவத்திலிருந்து வெளிவந்து, நிறுவனங்களுக்குப் பகுதிநேர சி.டி.ஓ. (தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி) ஆக விரும்பினால், முதலில் பயோடேட்டாவை மாற்றுங்கள். "சிக்னல் பிரிவுக்குத் தலைமை தாங்கினேன்" (ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவு) என்றால் நிறுவனருக்குப் புரியாது. எத்தனை பேர், எவ்வளவு பட்ஜெட், இணைப்பு அறுந்தால் எத்தனை நிமிடத்தில் மீட்டீர்கள் என்று எழுதுங்கள். ரகசியத் தகவல் ஏதும் வந்துவிடக் கூடாது. சந்தேகமிருந்தால் எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள்.

தொடக்கத்தில் இரண்டு நிறுவனங்கள் போதும், ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு நாள். மணிக்கணக்கில் பில் போடாமல் மாதக் கட்டணமாகப் பேசுங்கள். இல்லையென்றால் காசு மிச்சம் பிடிக்க நினைத்து, அவசரத்தில்கூட உங்களை அழைக்கத் தயங்குவார்கள். வேலையின் எல்லை, 30 நாள் நோட்டீஸ், எந்தத் தொகை வரை நீங்களே முடிவெடுக்கலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

சேர்ந்த முதல் வாரமே டொமைன் (இணையதள முகவரி) யார் பெயரில் இருக்கிறது, கிளவுட் (இணையவழி சர்வர்) கணக்கின் அட்மின் யார் என்று பாருங்கள். வேலையை விட்டுப்போன ஒருவரின் மெயிலில் இந்தக் கணக்குகள் கிடப்பது சகஜம். பேக்கப் இருக்கிறது என்ற பேச்சை நம்பாமல், ஒரு சோதனை சர்வரில் ரீஸ்டோர் செய்து (தரவை மீட்டெடுத்து), எவ்வளவு நேரம் ஆனது என்று குறியுங்கள்.

பலர் சறுக்குவது தொழில்நுட்பத்தில் அல்ல, உத்தரவு போடுவதில். டெவலப்பர் "ஏன்?" என்று கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது. உங்கள் முடிவுக்கான காரணம், மாற்று வழிகள், செலவு மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, கூட்டத்துக்கு முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள்.