மர்ஃபிஸ்பரோ ஏரியில் தூண்டில் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் தென்பகுதியில், மர்ஃபிஸ்பரோ என்ற சிற்றூருக்குச் சற்று மேற்கே, மாநிலப் பூங்காவுக்குள் 145 ஏக்கர் பரப்பில் ஓர் ஏரி இருக்கிறது. கோடையில் மேல்நீர் நன்றாகச் சூடாகிவிடுவதால் இங்கே வாழ்பவை வெதுநீர் மீன்கள்: புளூகில், ரெட்இயர், கிராப்பி, லார்ஜ்மவுத் பாஸ், சேனல் கேட்ஃபிஷ். கரையில் நின்றே பிடிக்கலாம் என்பதால் புதியவர்கள் பலர் வருகிறார்கள். அவர்கள் செய்யும் தவறுகளில் சில அன்றைய மீனை மட்டும் இழக்கச் செய்பவை. சில ஏரியையே பல ஆண்டுகளுக்குக் கெடுப்பவை. இரண்டாம் வகையைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

‘பெரியதை எடு, சிறியதை விடு’ என்பது மீன்பிடிப்பில் தருமம் போலவே சொல்லப்படுகிறது. புளூகில் விஷயத்தில் அது பெருந்தவறு. மே மாதக் கடைசியில் தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, கரையோரம் இடுப்பளவு ஆழத்துக்குள், உணவுத்தட்டுகளை நெருக்கி அடுக்கியதுபோல் வெளிறிய வட்டங்கள் தெரியும். அவை ஆண் மீன்கள் வாலால் மண்ணை விசிறிப் பறித்த கூடுகள். ஒவ்வொன்றின் மேலும் நெஞ்சுப்பக்கம் செம்பு நிறமேறிய ஓர் ஆண் நின்று, முட்டைகளுக்குப் புதுநீர் விசிறிக்கொண்டும் நெருங்கும் மீன்களை விரட்டிக்கொண்டும் இருக்கும். தூண்டில் அருகே விழுந்தால் பசிக்காக இல்லாவிட்டாலும் காவலுக்காகவே அது பாய்ந்து கவ்வும். ஆகவே ஒரே மாலையில் ஒரு கூட்டத்தின் பெரிய ஆண்கள் அனைத்தையும் வாளியில் சேர்த்துவிட முடியும். நானும் முதல் ஆண்டில் அப்படிச் சேர்த்துப் பெருமையோடு வீடு திரும்பியவன்தான். அந்த வாளியை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பெரிய ஆண்கள் இருக்கும்வரை இளம் ஆண்களால் நல்ல கூட்டிடத்தைப் பிடிக்க முடியாது. எனவே அவை முதிர்ச்சியைத் தள்ளிப்போட்டு உடம்பை வளர்த்துக்கொள்கின்றன. பெரியவை நீங்கிவிட்டால் சிறியவை முன்கூட்டியே முதிர்ந்து, உண்டதையெல்லாம் இனப்பெருக்கத்தில் செலவிடுவதால் அவற்றின் வளர்ச்சி மந்தமாகிவிடுகிறது. இல்லினாய் ஏரிகளிலேயே இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். சில ஆண்டுகளில் ஏரியில் மீன் நிறைய இருக்கும், ஆனால் உள்ளங்கையைத் தாண்டிய மீன் அரிதாகிவிடும். குழம்புக்கு ஆறு, ஏழு அங்குல மீன்களே போதும். எட்டு அங்குலத்தைத் தாண்டிய, தலை கறுத்த ஆணைக் கூட்டிலிருந்து எடுக்காதீர்கள்.

லார்ஜ்மவுத் பாஸுக்கும் வசந்தத்தில் இதே கவனம் தேவை. அங்கும் கூட்டைக் காப்பது ஆண்தான். அதைப் பிடித்துப் படம் எடுத்து, எடை பார்த்துவிட்டு விடுகிறவர்கள் தாம் நன்மை செய்வதாகவே நம்புகிறார்கள். ஆனால் அது கூட்டில் இல்லாத சில நிமிடங்களுக்குள் புளூகில்கள் முட்டைகளைத் தின்றுவிடக்கூடும். தற்செயலாகச் சிக்கினால், கையை நனைத்துக்கொண்டு, பிடித்த இடத்திலேயே உடனே விடுங்கள்.

கோடைத் தவறு வேறு வகை. வெயில் கொளுத்தும்போது மீன் ஆழத்தில் குளிர்ச்சி தேடும் என்று எண்ணித் தூண்டிலை அடிமட்டம்வரை இறக்குகிறார்கள். ஆனால் ஜூலையில் இத்தகைய ஏரியின் நீர் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடுகிறது. காற்று கலக்கும் மேலடுக்கில்தான் உயிர்வளி உண்டு. கீழே குளிர்ச்சி உண்டு, மூச்சுவிட வழியில்லை. பிரிகோடு பல சமயம் பத்துப் பன்னிரண்டு அடியிலேயே வந்துவிடும். உயிர்ச் சிறுமீனை இரையாகக் கோத்து இறக்கிச் சற்றுநேரத்தில் தூக்கும்போது கடிபடாமலே செத்திருந்தால், கோட்டுக்குக் கீழே போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். தக்கையை நகர்த்தி ஆழத்தைக் குறையுங்கள்.

மீனுக்குப் பொருந்தாத தூண்டில் முள்ளும் அடிக்கடி காணும் பிழை. புளூகிலின் வாய் மிகச் சிறியது. எட்டாம் அல்லது பத்தாம் எண் முள்ளும், கட்டைவிரல் நக அளவு மண்புழுத் துண்டும் போதும். முழுப் புழுவைத் தொங்கவிட்டால் மீன் புழுவின் வாலைக் கடித்துக்கொண்டு போய்விடும். ரெட்இயர் நத்தை தின்னும் மீன், தரையோடு மேய்வது. அதற்கு இரை தரையைத் தொட வேண்டும். கிராப்பி மேல்நோக்கியே இரை தேடும், ஆகவே அது நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலே இரை இருக்கட்டும். அதன் வாயோரச் சவ்வு காகிதம்போல் மெல்லியது என்பதால், கடித்தவுடன் வெடுக்கென்று இழுத்தால் கிழித்துக்கொண்டு போய்விடும். தூண்டில் நரம்பைத் தளர விடாமல் மெல்லக் கொண்டுவந்து கைவலையில் ஏந்துங்கள்.

சேனல் கேட்ஃபிஷ் நம் கெளுத்திக்கு உறவு. முதுகிலும் இரு பக்கமும் முள் உண்டு என்பதைக் கெளுத்தியிடம் குத்துப்பட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எந்த மீனாயினும் தூண்டில் முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கியிருந்தால், தோண்டி எடுக்காமல் நரம்பை வாயருகே அறுத்துவிடுவதே அது பிழைக்க நல்ல வழி. சமைக்க வைத்துக்கொள்ளும் மீனைக் கயிற்றில் கோத்துச் சூடான கரைநீரில் மணிக்கணக்கில் தொங்கவிடாமல் பனிக்கட்டிப் பெட்டியில் போடுங்கள்.

பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரிமம் வேண்டும். அதை வாங்கினால் போதும் என்று நினைத்து, அந்த ஏரிக்கென்றே உள்ள அளவு, எண்ணிக்கை வரம்புகளைப் படிக்காமல் விடுவதும் பலர் செய்யும் தவறு; மாநிலப் பொதுவிதியும் ஏரிவிதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கிளம்பும் நேரத்தில், மிஞ்சிய இரைச் சிறுமீன்களைப் பாவம் பார்த்து ஏரியில் கொட்டுகிறவர்கள் உண்டு. வேற்று நீர்நிலையின் மீனும் நோய்க்கிருமியும் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக்குஞ்சும் அந்த ஒரு வாளியில் வந்து சேர முடியும். மீதி இரையைக் குப்பைத்தொட்டியில் போட்டு, வாளித் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளி உலர்ந்த தரையில் ஊற்றுங்கள்.