ஓடும் படகில் தூண்டில்: ராடு வாங்குவதிலிருந்து கம்பி முறுக்குவது வரை

ட்ராலிங் என்றதும் விசைப்படகில் மடி இழுப்பதை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது trawling, இது trolling; தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். நான் சொல்வது, பைபர் படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் லூர் (மீன் போன்ற செயற்கை இரை) இழுத்துப்போய் சீலா, பாறை, ஊளி மீன்களைப் பிடிப்பது. சீலா என்று தூத்துக்குடிக் கணக்கில் சொல்கிறேன். சென்னைக்காரர்களுக்கு அது வஞ்சிரம், அவர்கள் சீலா என்பது எங்கள் ஊளி. இந்தக் குழப்பம் தீராது.

முதலில் ராடு, அதாவது தூண்டில் கோல். கரையிலிருந்து வீசுகிற 10 அடி ராடைத் தூக்கிக்கொண்டு படகேறாதீர்கள். மீன் படகோரம் வந்ததும் அந்த நீளமே எதிரியாகிவிடும், நுனி எங்கோ நிற்கும், மீன் கைக்கு எட்டாது. ஐந்தரையிலிருந்து ஆறரை அடி, 20-30 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்புக்கு என்று போட்டிருப்பது போதும். ரோலர் வளையம் வைத்த விலை உயர்ந்த ராடு கரையோர மீனுக்குத் தேவையே இல்லை.

நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல், ராடின் மேல்பக்கம் உட்காரும் உருளை வகை. 30 பவுண்டு தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) 300 மீட்டர் கொள்ள வேண்டும். பின்னல் நரம்பு மெலிசு, நிறையச் சுற்றலாம் என்பார்கள். எனக்கு ஓடும் படகில் தங்கூசிதான். மீன் அடிக்கும் வேகத்தில் அது கொஞ்சம் நீண்டு கொடுக்கும். பின்னல் நரம்பு நீளாது, முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

மீன் இழுக்கும்போது ரீல் எவ்வளவு இறுக்கத்தில் நரம்பை விட்டுக்கொடுக்கும் என்பதுதான் டிராக். அதைக் கையால் இழுத்துப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று விடாதீர்கள். ராடைப் பிடித்துக்கொண்டு நரம்பு நுனியை மீன் எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுங்கள், 4 கிலோ காட்டும்போது ரீல் நரம்பை விட வேண்டும். நரம்பின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்குள் என்பது கணக்கு.

தங்கூசி நுனியில் 60 பவுண்டு லீடர் (தடித்த முன்நரம்பு) 3 மீட்டர், அதன் முனையில் நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் பால் பேரிங் (ball bearing) சுவிவல், அதிலிருந்து அரை மீட்டர் ஒற்றைக் கம்பி, பிறகு லூர். கம்பி இல்லாமல் போனால் சீலாவின் பல் கத்தரிக்கோல் மாதிரி நறுக்கிவிடும்.

இந்தக் கம்பி முடிச்சில்தான் நான் மாட்டினேன். மீன் அடித்தது, ரீல் கத்தியது, நாலு நொடியில் எல்லாம் லேசாகிவிட்டது. இழுத்துப் பார்த்தால் லூர் இல்லை. கம்பி நுனி பன்றி வால் போலச் சுருண்டிருந்தது. அறுந்திருந்தால் நுனி நேராக இருக்கும், இது உருவிக்கொண்டு போயிருக்கிறது. காரணம், லூர் வளையத்தில் நுழைத்து மடித்த கம்பியின் ஒரு பக்கத்தை நேராக விட்டு இன்னொரு பக்கத்தை அதன்மேல் சுற்றியிருந்தேன். அப்படிச் செய்யக்கூடாது. நுனியை லூர் வளையத்தில் நுழைத்து மடித்து, வளைவைக் குறடால் பிடித்துக்கொண்டு, கம்பியின் இரண்டு பக்கங்களையும் பெருக்கல் குறி போல நன்றாக விரித்து, இரண்டும் ஒன்றையொன்று பின்னும்படி ஐந்து முறுக்கு. அதன்பிறகுதான் நுனியை மட்டும் செங்குத்தாகத் திருப்பி நெருக்கமாக ஐந்து சுற்று. மிச்ச நுனியை வெட்டாதீர்கள், கையைக் கிழிக்கும் பிசிறு நிற்கும். கைப்பிடி போல மடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஒட்ட ஒடிந்துவிடும். வீட்டில் ஒரு ஆணியில் மாட்டி ஓங்கி இழுத்துப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போங்கள். வளைவு கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், இறுகினால் லூர் ஆடாது.

லூரில் என் தேர்வு, முங்கி ஓடுகிற ரப்பாலா எக்ஸ்-ராப் மேக்னம். வெள்ளை உடல், சிவப்புத் தலை. அதில் 10, 15, 20 என்றிருப்பது எத்தனை அடி முங்கும் என்பது. ஒன்றைப் படகுக்குப் பின்னால் 20 மீட்டரிலும் இன்னொன்றை 35 மீட்டரிலும் விடுங்கள், திரும்பும்போது வட்டத்தைப் பெரிதாகப் போடுங்கள், இல்லையென்றால் இரண்டும் சிக்கி அரைநாள் போய்விடும். வேகம் 5, 6 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்). ராடு நுனி சீராகத் துடித்தால் லூர் நீந்துகிறது. துடிப்பு நின்றால் பாசி மாட்டியிருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை: கம்பி போட்டும் சுவிவலுக்கு மேலே அறுகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பளபளக்கும் சுவிவலாக இருக்கும். பக்கத்தில் வரும் இன்னொரு சீலா அதைக் குட்டி மீன் என்று கடிக்கிறது. கறுப்பு நிறத்தில் சின்னதாக மாற்றுங்கள். லூர் ஒரு பக்கமாகவே ஓடினால் மூக்கு வளையத்தைக் குறடால் எதிர்ப்பக்கம் மயிரிழை வளைத்து, படகோரமாகவே இழுத்துப் பார்த்துவிட்டு விடுங்கள்.