சாரல் காலத்து வானமும் பூக்கோசுத் திட்டுகளும்

செங்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத்து வயல்களை நீர்வண்ணத்தில் தீட்டும்போது, ஜூன் மாதச் சாரல் தொடங்கியதும் என் வானமெல்லாம் பூக்கோசு போல ஓரம் சுருண்ட திட்டுகளாக மாறிவிடும். தாளின் மேல் பழிபோட்டு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த பருத்தித் தாள் வாங்கினேன். காசு போனதுதான் மிச்சம். ஈரக்காற்றில் பூச்சு காயத் தாமதமாகும் என்பதை மறந்து, பாதி காய்ந்த நீலத்தின் மேல் நீர் சொட்டும் தூரிகையால் மலைமுகட்டைத் தொட்டதே பிழை. மிகுதியான நீர் பரவி, நிறத்துகள்களை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது.

இப்போது தாளைக் கண்மட்டத்தில் சாய்த்துப் பார்த்து, பளபளப்பு இருக்கும்போதே முகில்களை முடித்துவிடுகிறேன். அது மங்கத் தொடங்கினால் கையை எடுத்துவிட்டு, புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி தட்டாத அளவுக்குத் தாள் காய்ந்த பின்னரே, தூரிகையைப் பழந்துணியில் ஒற்றி மலையைத் தீட்டுகிறேன். பழைய படமொன்றில் ஒரு திட்டை மட்டும் விட்டுவைத்தேன். பனைகளுக்குப் பின்னால் அது மழைமேகமாகவே நின்றுவிட்டது.