பழைய பெட்ரோல் டிராக்டரில் சிபி பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுவது எப்படி

முதலில் உங்கள் வண்டி டீசலா பெட்ரோலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கொட்டகையில் நிற்கும் பழைய டிராக்டர்களில் பெரும்பாலானவை டீசல்தான். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, காற்றை அழுத்துகிற சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும், அதனால் இதில் எதுவும் அதற்குப் பொருந்தாது. நான் சொல்வது பெட்ரோலில் ஓடுகிற, அல்லது பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற அந்தக் காலத்து வண்டிகளுக்கு. எங்களிடம் இருப்பது தாத்தா காலத்துச் சாம்பல் நிற ஃபெர்குசன் டிஈ20. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்த மாடல், இன்னும் காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பில் மருந்தடிக்கத் தண்ணீர் டேங்க் இழுக்கிறது.

மாம்பூ வரும் மார்கழி, தை மாதத்தில்தான் தொல்லை. காலை ஆறு மணிக்குப் பனி சொட்டும், கியர் லீவரை ஸ்டார்ட் பக்கம் தள்ளினால் இன்ஜின் சுற்றும், பிடிக்காது. பிளக்குகளுக்கு முறை வைத்துக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை, அதாவது கேப்பைக் கழற்றி ஈரத்தைத் துடைத்து, உள்ளே இருக்கும் சிபி பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மூடினால்தான் கிளம்பும். பாயிண்ட் செய்வது ஒரு சுவிட்ச் வேலை: மூடியிருக்கும்போது காயிலில் (வோல்ட்டை உயர்த்தும் கம்பிச் சுருள்) கரண்ட் ஓடும், திறந்ததும் கரண்ட் அறுந்து, காயிலின் காந்தப்புலம் சரிந்து, பல ஆயிரம் வோல்ட் பிளக்குக்குப் போகும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் முகம் கொஞ்சம் கருகும், ஷாஃப்டோடு சுற்றிப் பாயிண்டைத் திறக்கும் கேம் மீது உரசும் குதிகால் தேயும், தேயத் தேய இடைவெளி சுருங்கி டைமிங், அதாவது பொறி வரும் நேரம், பின்னால் போய்விடும். எலக்ட்ரானிக் கிட்டில் உரசுவது எதுவும் இல்லை. கேப்புக்குள் சுற்றிக் கரண்டைப் பிரிக்கும் ரோட்டாருக்குக் கீழே நான்கு காந்தம் பதித்த ஒரு வளையம், பக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சென்சார், அவ்வளவுதான்.

ஆனால் கிட் வாங்குவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், பாயிண்ட் மீது பழி போடுகிற கோளாறில் பாதி அங்கேதான் இருக்கும். கேப்பை எடுத்துவிட்டு ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கைக்கு நன்றாகத் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தால் ஷாஃப்டைத் தாங்கும் குழலான புஷ் போய்விட்டது. அதன்மேல் எந்தக் கிட் போட்டாலும் டைமிங் நிலைக்காது, வளையம் சென்சாரில் உரசவும் செய்யும். ஓசூரில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, வெண்கலப் புஷ் கடைந்து வாங்கிப் போட்டுவிடுங்கள். அடுத்து, பாயிண்ட் தட்டிலிருந்து பாடிக்குப் போகிற சின்ன எர்த் வயரைத் தேடுங்கள். விரல் நீளம்கூட இருக்காது, துணி சுற்றியிருக்கும். எங்கள் வண்டியில் மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஸ்க்ரூவைத் தளர்த்தித் துணியை ஒதுக்கிப் பார்த்தால் உள்ளே மூன்றே இழை மிச்சம், அதுவும் பச்சை பூத்துப்போய். வருஷக்கணக்காக வண்டி மிஸ் அடித்ததற்கு அதுதான் காரணம். பத்து ரூபாய் வயர் மாற்றியதுமே பாதி நோய் போய்விட்டது.

இனி பேட்டரி. அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகள் நிறைய பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடிக்குப் போகும். நம் ஊரில் யாராவது நடுவில் மாற்றியும் வைத்திருப்பார்கள், ஆகவே நினைவை நம்பாமல் கண்ணால் பாருங்கள். நான் பார்க்காமல் மாட்டினேன், சாவி போட்ட அரை நிமிடத்தில் கருகிய வாடை, முதல் கிட் அதோடு முடிந்தது. பாசிட்டிவ் எர்த்துக்கென்றே தனியாகக் கிட் கிடைக்கிறது, வயரிங்கைத் தொட விருப்பமில்லை என்றால் அதையே வாங்குங்கள். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவதானால் பேட்டரி வயர்களை மாற்றிப்போட்டால் மட்டும் போதாது: காயிலின் இரண்டு சின்ன வயர்களும், அம்மீட்டரின் வயர்களும் இடம் மாற வேண்டும், டைனமோவின் டி, எஃப் முனை வயர்களைக் கழற்றிவிட்டு பேட்டரி பிளஸிலிருந்து ஒரு வயரால் எஃப் முனையை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டைனமோ பழைய திசையிலேயே சார்ஜ் செய்யும். ஸ்டார்ட்டருக்கு ஒன்றும் வேண்டாம், எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும்.

கிட் கேட்கும்போது டிராக்டர் பெயரை மட்டும் சொல்லாமல் டிஸ்ட்ரிபியூட்டரின் பாடியில் அடித்திருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள், ஒரே மாடல் டிராக்டரில் இரண்டு மூன்று வகை வந்திருக்கிறது. காயிலையும் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். சின்ன முனைகளுக்கு நடுவே 3 ஓம் இருந்தால் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர்தான் ஓடும், 1.5 ஓம் காயில் என்றால் 8 ஆம்பியர், அதைத் தாங்குமா என்று கிட்டின் தாளில் பார்க்காமல் மாட்டாதீர்கள். பிளக் வயர் செம்புக் கம்பியாக இருந்தால் கார்பன் வயராக மாற்றுங்கள், செம்பு வயர் கிளப்பும் இரைச்சல் சென்சாரைக் குழப்பும்.

சரி, மாட்டும் வேலை. பேட்டரியைக் கழற்றுங்கள். ஒன்றாம் சிலிண்டர் அழுத்தத்தின் உச்சத்துக்கு வரும்போது டைமிங் குறி நேராக நிற்கும்படி ஹேண்டிலால் சுற்றி வைத்து, ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று டிஸ்ட்ரிபியூட்டரின் பாடியில் பெயிண்டால் ஒரு கோடும், அந்தப் பாடி இன்ஜினில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கு இன்னொரு கோடும் போடுங்கள். பாயிண்டையும், அதோடு வயரில் சேர்ந்திருக்கும் சின்ன உருளையான கண்டென்சரையும் எடுத்துவிட்டுத் தட்டைப் பெட்ரோல் துணியால் துடைத்து, சென்சாரை அதே ஸ்க்ரூவில் இறுக்கி, வளையத்தைக் கேம் மேல் முழுதாக அழுத்தி உட்காரவையுங்கள். வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது கிட்டின் தாளில் இருக்கும். நெகட்டிவ் எர்த் என்றால் பொதுவாகச் சிவப்பு வயர் காயிலின் பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. ரோட்டாரைப் போட்டுக் கேப்பை மூடியபின் ஒரு சுற்று கையால் மெதுவாகச் சுற்றுங்கள், வளையத்தால் ரோட்டார் கொஞ்சம் உயர்ந்து கேப்பில் இடிக்கும் வண்டிகளும் உண்டு. வயர் வரிசை எங்கள் இன்ஜினில் 1, 3, 4, 2.

டைமிங் கட்டாயம் மாறியிருக்கும். வண்டியை நியூட்ரலில் வைத்து, குறியை நேராக நிறுத்தி, ஒன்றாம் பிளக்கைக் கழற்றி வயரோடு இன்ஜின் மேல் எர்த் படும்படி வையுங்கள், பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி, பக்கத்தில் பெட்ரோல் துணி எதுவும் இல்லாமல். பேட்டரியை மாட்டிச் சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராக மெல்லத் திருப்புங்கள். பளிச்சென்று ஒரு பொறி வரும் இடத்தில் நிறுத்தி இறுக்கினால் வண்டி கிளம்பிவிடும், அப்புறம் டைமிங் லைட் வைத்து நுணுக்கமாகச் சரிசெய்யலாம். இன்ஜின் ஓடாதபோது சாவியைப் போட்டபடி விட்டுப் போகாதீர்கள், காயிலும் சென்சாரும் சூடேறிப் போய்விடும்.

பேட்டரி விஷயத்தில் முன்பைவிடக் கவனம் வேண்டும். பாயிண்ட் இருந்தபோது சோர்ந்த பேட்டரியிலும் ஹேண்டில் அடித்துக் கிளப்பிவிடுவோம், சென்சாருக்கு வோல்ட் இறங்கினால் வேலை நின்றுவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மீட்டரில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைத்தான் முதலில் பாருங்கள்.

கழற்றிய பாயிண்ட், கண்டென்சர், ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு டூல் பாக்ஸிலேயே வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் நிற்கும் இடத்துக்கான பெயிண்டுக் கோடும் இரண்டாக இருக்கட்டும், பாயிண்ட் இருந்தபோது டிஸ்ட்ரிபியூட்டர் நின்ற இடத்துக்கு ஒன்று, கிட்டுக்கு ஒன்று. தோப்பு நடுவில் கிட் போய்விட்டால் பழையதை மாட்டி முதல் கோட்டுக்குத் திருப்பி வீடு வந்து சேரலாம்.