பழைய லாரிக்குப் பெரிய ஆல்டர்னேட்டர்: வயரிங்கில் நடக்கும் தவறுகள்

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் புது லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தங்கள் செலவிலேயே பேட்டரியில் ஓடும் ஏசி, ஃபேன், கூடுதல் லைட் என்று மாட்டுகிறார்கள். டிரைவர் நிம்மதியாகத் தூங்க வேண்டும், நல்ல செலவுதான். ஆனால் இவற்றுக்குக் கரண்ட் போதாமல், ஆல்டர்னேட்டரை (எஞ்சின் சுழற்சியில் கரண்ட் உண்டாக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) மாற்றும்போது, அதாவது 35 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 120 ஆம்பியர் மாட்டும்போது, பழைய வயரையே அதில் முடுக்கிவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

கரண்ட் மூன்றரை மடங்கு ஏறினால் அதே வயரில் சூடு ஏறக்குறைய 12 மடங்கு ஏறும். பேட்டரி சேஸிஸ் ஓரத்தில், ஆல்டர்னேட்டரிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 120 ஆம்பியர் போனால் வழியிலேயே 1.4 வோல்ட் விழுந்துவிடும். 168 வாட் சூடாகும். அதாவது 24 வோல்ட் வண்டியில் ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் கொடுத்தாலும் பேட்டரிக்கு 26.6தான் போய்ச் சேரும். ஏசி ஓட ஓட பேட்டரி முழுசாக நிறையாது. “புது ஆல்டர்னேட்டர் சரியில்லை” என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போவார்கள். 35 சதுர மில்லிமீட்டர் போட்டால் அந்த இழப்பு கால் வோல்ட்டுக்குள் அடங்கும். வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள்: மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம் என்ற வயரும் விற்கிறது.

பாசிட்டிவ் வயரைத் தடிமனாக்கிவிட்டு எர்த்தை மறந்துவிடுவது அடுத்த தவறு. போன கரண்ட் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்ட் கடத்தாது. துருப்பிடித்த ஒரு பட்டைதான் இணைப்பு என்றால், கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகக்கூட வழி தேடும். ஆல்டர்னேட்டர் உடலிலிருந்து சேஸிஸுக்கும், அங்கிருந்து பேட்டரி நெகட்டிவுக்கும் அதே தடிமனில் வயர் போடுங்கள். பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில்தான் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) உட்கார வேண்டும்.

ஃபியூஸ் போடாமல் விடுகிறார்கள், போட்டாலும் ஆல்டர்னேட்டர் பக்கம் போடுகிறார்கள். அது பேட்டரி பக்கம்தான் வேண்டும். வயர் உரசி சேஸிஸில் பட்டால் ஆல்டர்னேட்டர் அதன் அளவுக்குத்தான் கொடுக்கும். பேட்டரியோ ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். 120 ஆம்பியருக்கு 150 ஆம்பியர் ஃபியூஸ் சரி. டீசல் பைப்போடு சேர்த்து வயரைக் கட்டவே கூடாது.

டேஷ்போர்டில் ஆம்மீட்டர் உள்ள பழைய வண்டியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சார்ஜிங் கரண்ட் முழுவதும் கேபினுக்குள் வந்து, அந்த மீட்டர் வழியாகத்தான் பேட்டரிக்குப் போகும். 30 ஆம்பியர் மீட்டரில் 120 போனால் டேஷ்போர்டுக்குள் நெருப்புதான். அதை விலக்கி நேர் வயர் போட்டு, அதன் இடத்தில் வோல்ட்மீட்டர் வையுங்கள்.

சார்ஜிங் லைட்டை வெறும் அடையாள விளக்கு என்று நினைத்து எல்இடியாக மாற்றுகிறார்கள். பல ஆல்டர்னேட்டர்களுக்கு அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் சார்ஜைத் தொடங்கிவைக்கும் முதல் உசுப்பல். அது இல்லாவிட்டால் எஞ்சின் ஓடும், சார்ஜ் ஏறாது. பழைய டீசல் எஞ்சின் ஓட கரண்டே தேவையில்லை என்பதால், இருட்டி ஹெட்லைட் போடும்வரை யாருக்கும் தெரியாது.

இப்போது சொல்லப்போவதை தயவுசெய்து வொர்க்‌ஷாப்பில் எல்லோரிடமும் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி “சார்ஜ் வருதா” என்று பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால், சுமை சட்டென்று விலகி வோல்டேஜ் ஒரு நொடிக்குள் எகிறும். 24 வோல்ட் வண்டியில் 100 வோல்ட்டைக்கூடத் தாண்டும். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் போய்விடும். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இந்தச் சோதனைக்கே வேலையில்லை. பாடி கட்டும் இடத்தில் வெல்டிங் வைக்கும் முன்பும் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டின் வயரையும் கழற்றிவிடுங்கள்.

இரண்டு பேட்டரி இருப்பதாலேயே வண்டி 24 வோல்ட் என்று முடிவு கட்டாதீர்கள். இணையாகப் போட்டிருந்தால் அது 12 வோல்ட்தான். அளந்துவிட்டு ஆல்டர்னேட்டர் வாங்குங்கள். 24 வோல்ட் வண்டியில் ஸ்டீரியோவுக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பதும் தவறு. அந்தப் பேட்டரி வற்றும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டு எடுங்கள்.

அப்புறம் பெல்ட். 120 ஆம்பியரை 28 வோல்ட்டில் கொடுக்க எஞ்சினிலிருந்து 7 குதிரைத்திறன் வரை போகும். தேய்ந்த ஒற்றை பெல்ட் வழுக்கும். ஐடிலில் முழு ஆம்பியர் வராது என்பதையும் வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஏசி, லைட் எல்லாவற்றையும் போட்டு, எஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து, ஆல்டர்னேட்டரில் ஒரு முறை, பேட்டரியில் ஒரு முறை வோல்ட் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்கட்டும். அரை மணி நேரம் ஓடவிட்டு, எஞ்சினை அணைத்து, ஒவ்வொரு லக்கின் அருகிலும் புறங்கையை வையுங்கள். சூடு அடித்தால் அந்த லக்கை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கருவியால் வயரில் இறுக அழுத்திப் பொருத்துங்கள்.