டெக்சாஸ் தேர்தல்: ஆளுநர் பெயரோடு நின்றுவிடாமல் ஓட்டுப் போடுவது எப்படி

குடியுரிமை வாங்கிய பிறகு டெக்சாஸில் நான் போட்ட முதல் ஓட்டில், ஆளுநர் பெயரைத் தொட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். திரை அடுத்த பக்கத்துக்குப் போனது, அப்புறம் அதற்கும் அடுத்த பக்கத்துக்கு. ரயில்ரோடு கமிஷனர் என்று வந்ததும் விரல் அப்படியே நின்றுவிட்டது. ரயிலுக்கு எதற்கு ஓட்டு? போனை எடுத்துத் தேடலாம் என்றால் சாவடிக்குள் அதைத் தொடவே கூடாது. எங்கோ கேட்ட மாதிரி இருந்த ஒரு பெயரைத் தொட்டுவிட்டு வந்தேன், அது யார் என்று இன்றுவரை நினைவில்லை.

நீங்களும் அப்படி நிற்காமல் இருக்க, முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். இங்கே ஆளுநர் என்றால் நம்மூர் ராஜ்பவன் ஆளுநர் இல்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், ஏறக்குறைய முதலமைச்சர் மாதிரி. ஆனால் முதலமைச்சர் தன் நிதி அமைச்சரையும் வேளாண் அமைச்சரையும் தானே பொறுக்கி எடுப்பார், பிடிக்கவில்லை என்றால் மாற்றுவார். டெக்சாஸில் அந்த வேலைகளில் பலவற்றுக்கும் தனித்தனியாக நாம்தான் ஆள் தேர்ந்தெடுக்கிறோம். ஆளுநர் அவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. வேறு கட்சிக்காரராகக்கூட இருக்கலாம்: 1994 தேர்தலில் ஆளுநராக வந்தவர் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ், துணை ஆளுநராக ஜெயித்தவர் ஜனநாயகக் கட்சியின் பாப் புல்லக்.

இந்தத் துணை ஆளுநர் பதவியைச் சும்மா உதிரிப் பதவி என்று நினைத்துவிடாதீர்கள். மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டை நடத்துபவர் அவர்தான். சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில், அதுவும் 140 நாள்தான் கூடும். அந்தக் குறுகிய நேரத்தில் எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும், எது வெளிச்சத்துக்கே வராமல் தூங்கும் என்பது பெரும்பாலும் அவர் கையில். சில விஷயங்களில் ஆளுநரைவிட இவர் பலசாலி என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அட்டர்னி ஜெனரல் மாநிலத்தின் வக்கீல்: மத்திய அரசோடு மல்லுக்கட்டும் வழக்குகள்தான் செய்தியில் வரும், பிரிந்து வாழும் பெற்றோரிடமிருந்து குழந்தைப் பராமரிப்புத் தொகையை வசூலித்துத் தருவதும் அதே அலுவலகம்தான். கம்ப்ட்ரோலர் மாநிலத்தின் கணக்குப்பிள்ளை. வரி வசூல் அவர் பொறுப்பு. வரவு இவ்வளவுதான் வரும் என்று அவர் போடும் கணக்குக்குள்தான் பட்ஜெட் அடங்க வேண்டும். நில ஆணையர் சுமார் 1 கோடியே 30 லட்சம் ஏக்கர் மாநில நிலத்தையும் அதற்கடியில் உள்ள எண்ணெய் உரிமைகளையும் பார்த்துக்கொள்கிறார், அந்த வருமானம் பள்ளிகளுக்கான நிரந்தர நிதிக்குப் போகிறது. வேளாண் ஆணையர் பதவியில் விவசாயம் தவிர பள்ளி மதிய உணவுத் திட்டங்களும் அடக்கம், உங்கள் பிள்ளை பள்ளியில் சாப்பிடுகிறது என்றால் இதையும் கவனியுங்கள்.

சரி, ரயில்ரோடு கமிஷனுக்கு வருவோம். 1891இல் ரயில் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. இன்று அதற்கும் ரயிலுக்கும் சம்பந்தமே இல்லை, மிச்சமிருந்த ரயில் வேலையும் 2005இல் போக்குவரத்துத் துறைக்குப் போய்விட்டது. பெயரை மட்டும் மாற்றவில்லை. இப்போது அது பார்ப்பது எண்ணெய், எரிவாயு, குழாய்த்தடங்கள், சுரங்கம். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் எரிவாயு வசதிகள் உறைந்ததும் மின்வெட்டு அவ்வளவு மோசமாக ஒரு காரணம், அந்த வசதிகளைக் குளிருக்குத் தயார் செய்ய வைப்பது இந்தக் கமிஷனின் வேலை. மின்சாரத்தைப் பார்க்கும் ஆணையமோ ஆளுநர் நியமிப்பது. ஆக, இருட்டில் போர்வைக்குள் உட்கார்ந்து யாரைத் திட்டுவது என்று யோசித்தவர்களுக்கு, ஓட்டுச்சீட்டில் இரண்டு இடத்தில் பதில் இருக்கிறது. கமிஷனில் மூன்று பேர், ஆறாண்டுப் பதவி, இரண்டு ஆண்டுக்கு ஒருவர் தேர்தலுக்கு வருவார், அதனால் அதிபர் தேர்தல் ஆண்டிலும் இந்தப் பெயரைப் பார்ப்பீர்கள். மற்ற பதவிகள் நான்காண்டுக்கு ஒரு முறை: 2018, 2022, 2026 என்று. தேர்தலைக் கவனிக்கும் மாநிலச் செயலர் மட்டும் தேர்தலில் நிற்பதில்லை, ஆளுநர் நியமிக்கிறார்.

இனி நாள் கணக்கு. நம்மவர்கள் பெரும்பாலும் நவம்பரை மட்டும் மனதில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஜனநாயகக் கட்சி மாநில அளவில் கடைசியாக ஒரு பதவியை ஜெயித்தது 1994இல். ஆகவே இந்தப் பதவிகளில் பலவும் உண்மையில் முடிவாவது மார்ச்சில், குடியரசுக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் முதற்கட்டத் தேர்தலில். நிலைமை எப்போது வேண்டுமானாலும் மாறலாம், எதிர்க்கட்சியில் யார் நிற்கிறார் என்பதும் மார்ச்சில்தான் முடிவாகிறது, எப்படிப் பார்த்தாலும் மார்ச்சை விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். மார்ச் முதல் செவ்வாய் பிரைமரி, அதில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு விழவில்லை என்றால் முதல் இருவருக்கும் மே மாதம் நான்காவது செவ்வாய் மறுபோட்டி. 2026க்கு இவை மார்ச் 3, மே 26, பொதுத்தேர்தல் நவம்பர் 3. டெக்சாஸில் கட்சியில் பதிந்துகொள்ளும் வழக்கம் இல்லை, சாவடியில் எந்தக் கட்சியின் சீட்டு என்று கேட்பார்கள், ஒன்றைச் சொல்ல வேண்டும். மார்ச்சில் ஒரு கட்சிக்குப் போட்டால் மே மாதம் மற்றக் கட்சியின் மறுபோட்டியில் போட முடியாது. நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். நவம்பரில் பாதியைத் தாண்ட வேண்டும் என்ற விதியும் இல்லை: 2006இல் பலமுனைப் போட்டியில் ரிக் பெர்ரி 39 சதவீத ஓட்டோடு ஆளுநரானார்.

பதிவு செய்யும் முன் ஒன்று. கிரீன் கார்டோ எச்1பி விசாவோ வைத்திருப்பவர்கள் பதியவே கூடாது. யாராவது படிவத்தை நீட்டினாலும், ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் கேள்வி வந்தாலும், இல்லை என்று சொல்லிவிடுங்கள். தெரியாமல் கையெழுத்துப் போட்டால்கூட நாடு கடத்தப்படும் அளவுக்குப் போகலாம். குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகுதான் இந்த வேலையே. புதிதாகப் பதிய இணையத்தில் பொத்தான் தேடாதீர்கள், உரிமம் புதுப்பிக்கும்போது தவிர மற்றபடி படிவத்தை அச்சிட்டு, கையெழுத்திட்டு, உங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வாக்காளர் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். தேர்தலுக்கு 30 நாள் முன்பே அது போய்ச் சேரும்படி பாருங்கள், கடைசி நாளில் தபால் பெட்டியைத் தேடி ஓடாதீர்கள். சில வாரம் கழித்து மாநிலச் செயலரின் இணையதளத்தில் பெயர் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பெயர்தான் பெரிய தலைவலி. இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகி, உரிமத்தில் ஒரு மாதிரி, குடியுரிமைச் சான்றிதழில் ஒரு மாதிரி, கல்யாணத்துக்குப் பிறகு இன்னொரு மாதிரி என்று இருக்கும். சாவடிக்கு எந்த அடையாள அட்டையைக் கொண்டுபோவீர்களோ அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பதிவுப் படிவத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே மாறிப்போயிருந்தால் பயப்பட வேண்டாம், இரண்டும் ஓரளவு ஒத்திருந்தால் அது நான்தான் என்று சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட விடுவார்கள். பெயர் முன்பின்னாக இருக்கிறது என்று யாராவது தயங்கினால் திரும்பி வந்துவிடாமல், அந்தச் சுருக்கொப்ப முறையைக் கேளுங்கள். முகவரி வேறாக இருந்தால் பரவாயில்லை. அட்டையாக டெக்சாஸ் உரிமம், அமெரிக்க பாஸ்போர்ட், புகைப்படம் உள்ள குடியுரிமைச் சான்றிதழ் எல்லாம் செல்லும். பல்கலைக்கழக அட்டை செல்லாது, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் இதை ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

போவதற்கு முந்தின வாரம் கவுண்டி இணையதளத்தில் மாதிரி வாக்குச்சீட்டை இறக்கி, ஒவ்வொரு பதவிக்கும் யார் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுச்சீட்டைத் தாராளமாக உள்ளே கொண்டுபோகலாம், போன்தான் கூடாது. கட்சிச் சட்டையும் தொப்பியும் வேண்டாம். வேட்பாளர்களைப் பார்க்கும்போது நான் ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: அந்தப் பதவியின் வேலையைப் பற்றி இவர் ஏதாவது பேசியிருக்கிறாரா? நில ஆணையருக்கு நிற்பவர் விளம்பரம் முழுக்க வேறு எதையோ முழங்கிவிட்டு நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால், அவர் கண் இந்த நாற்காலியில் இல்லை, அடுத்த நாற்காலியில் இருக்கிறது.

தேர்தல் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுமார் இரண்டு வாரம் முன்னதாகவே முன்கூட்டிய வாக்களிப்பு தொடங்கிவிடும், அப்போது உங்கள் கவுண்டியில் எந்தச் சாவடியிலும் போடலாம். தேர்தல் நாளன்று என்றால் காலை 7 முதல் மாலை 7 வரை. 7 மணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தால் எவ்வளவு நேரமானாலும் உங்கள் முறை வரும், கிளம்பிவிடாதீர்கள். ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் அம்மா அப்பா குடியுரிமை பெற்றிருந்தால், அவர்கள் விரும்பும் ஒருவர் கூடப்போய் உதவ சட்டம் இடம் தருகிறது, முதலாளியோ அவருடைய ஆளோ தொழிற்சங்கத்துக்காரரோ மட்டும் கூடாது. உதவப் போனால் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டியிருக்கும். அம்மா யாருக்குச் சொல்கிறாரோ அவருக்குத்தான் தொட வேண்டும், உங்களுக்குப் பிடித்தவருக்கு இல்லை. 65 வயது ஆனவர்கள் தபாலிலும் போடலாம், விண்ணப்பம் தேர்தலுக்கு 11 நாள் முன்பே போய்ச் சேர வேண்டும், விண்ணப்பத்திலும் திருப்பி அனுப்பும் உறையிலும் உரிம எண்ணையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையோ எழுதாமல் விட்டால் சீட்டு நிராகரிக்கப்படலாம்.

உள்ளே சின்னம் எதுவும் கிடையாது, பெயரும் கட்சியும் மட்டும்தான். ஒரே தொடுதலில் கட்சிக்காரர் எல்லோருக்கும் போடும் வசதி 2020இல் எடுக்கப்பட்டுவிட்டது, ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும். ஆளுநர் வரிசைக்குக் கீழே நீதிபதிகள் பட்டியல் வேறு நீளும். தெரியாத பதவியை வெறுமையாக விட்டால் மற்ற ஓட்டுகள் செல்லாமல் போகாது. திரையில் முடித்ததும் அச்சிட்ட தாள் வந்தால், ஸ்கேனருக்குள் விடுவதற்கு முன் உங்கள் துண்டுச்சீட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தப்பிருந்தால் அங்கேயே சொல்லி வேறு தாள் வாங்கலாம், உள்ளே போனபின் ஒன்றும் செய்ய முடியாது.