அமெரிக்கத் துப்பாக்கி உரிமை: சண்டையில்லாமல் வாதாடுவது எப்படி?

அமெரிக்காவில் துப்பாக்கி பற்றிய பேச்சு பத்தே நிமிடத்தில் கூச்சலாகிவிடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இருவரும் வெவ்வேறு துப்பாக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மனதில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த ரைஃபிள். மற்றவர் மனதில் நடுராத்திரியில் கதவு உடைபடும்போது கட்டிலோரம் இருக்க வேண்டிய பிஸ்டல். இரண்டும் உண்மையான கவலைகள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை எழவே எழாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று படித்துவிட்டுப் பேசுங்கள்

இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் 1791இல் வந்தது. ஒரே வாக்கியம். முன்பாதி ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படையை (சாதாரணக் குடிமக்கள் திரளும் படையை) பற்றியது, பின்பாதி ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையைப் பற்றியது. ஆளாளுக்கு ஒரு பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது பழைய வழக்கம். நீங்கள் முழு வாக்கியத்தையும் சொல்லுங்கள்.

2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், இது தனிமனிதரின் உரிமை, தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே "அது ராணுவத்துக்குத்தான், தனியாளுக்கு உரிமையே கிடையாது" என்பது இன்றைய சட்ட நிலை அல்ல. அந்தத் தீர்ப்பு தவறு என்று வாதாடலாம், அப்படி ஒரு தீர்ப்பே இல்லாததுபோல் பேசக்கூடாது. அதே தீர்ப்பு இந்த உரிமை வரம்பற்றது அல்ல என்றும் சொல்கிறது. கடுங்குற்றவாளிகளுக்குத் தடை, பள்ளி, அரசுக் கட்டடங்களில் தடை ஆகியவற்றை அது ஐயத்துக்கு உள்ளாக்கவில்லை. ஆகவே "எந்தக் கட்டுப்பாடும் அரசியலமைப்புக்கு விரோதம்" என்பதும் நிற்காது. 2010இல் மெக்டொனால்ட் வழக்கு இந்த உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. 2022இல் புரூவன் வழக்கு, கட்டுப்பாடுகள் நாட்டின் சட்ட வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றது. 2024இல் ரஹீமி வழக்கில், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவு உள்ளவரிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்ற சட்டம் 8-1 என்று நிலைத்தது. இந்த நான்கையும் தெரிந்து வைத்திருந்தாலே போதும்.

சொற்களில் சறுக்காதீர்கள்

ஏஆர்-15 என்ற ரைஃபிளின் பெயரில் உள்ள 'ஏஆர்' அர்மாலைட் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது, 'அசால்ட் ரைஃபிள்' என்பதன் சுருக்கம் அல்ல. கடைகளில் விற்கும் ஏஆர்-15 செமி ஆட்டோமேட்டிக்: டிரிகரை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடுவது மெஷின் கன். 1986 மே 19க்குப் பிறகு உற்பத்தியானவற்றைப் பொதுமக்கள் வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. இரண்டையும் குழப்பினால், எதிரில் இருப்பவர் உங்கள் மற்ற வாதங்களையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். மறுபக்கம் இருப்பவர்களுக்கும் ஒன்று: சொல் தவறியதை மட்டும் பிடித்துக்கொண்டு, சொல்ல வந்த கவலையைத் தள்ளிவிடுவது நேர்மையல்ல. திருத்துங்கள், பிறகு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

துப்பாக்கிக் கண்காட்சிகளில் சோதனை இல்லாமலே வாங்கலாம் என்று சொல்லப்படும் 'கன் ஷோ ஓட்டை' என்பதும் இப்படித்தான். உரிமம் பெற்ற வியாபாரி கண்காட்சியில் விற்றாலும் வாங்குபவரை 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்ப வைத்து, பின்னணிச் சோதனை (வாங்கத் தடை உள்ளவரா என்று பதிவுகளைப் பார்ப்பது) செய்தாக வேண்டும். உரிமம் இல்லாத தனிநபர் அதே மாநிலத்தவருக்கு விற்கும்போதுதான் கூட்டாட்சிச் சட்டம் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை. கலிபோர்னியா, கொலராடோ, நியூயார்க் போன்ற மாநிலங்கள் தங்கள் சட்டத்தால் அதையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "தனியார் விற்பனைக்கும் சோதனை வேண்டுமா?" என்பது.

எண்களைப் பிரித்துச் சொல்லுங்கள்

2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அதில் ஏறத்தாழ 27,300 தற்கொலைகள். கொலைகள் சுமார் 17,900. மொத்தத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குத் தாவினால், கேட்பவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். "பாதிக்கு மேல் தற்கொலைதானே" என்று அந்த மரணங்களைக் கழித்துவிடுவது அதைவிட மோசம். அவையும் மனிதர்கள். துப்பாக்கி உள்ள வீட்டுக்காரர் நேரடியாகத் தடுக்கக்கூடிய மரணங்களும் அவற்றில்தான் அதிகம்.

'மாஸ் ஷூட்டிங்' கணக்கிலும் கவனம் தேவை. சுட்டவரைத் தவிர நான்கு பேர் மீது குண்டு பட்டாலே எண்ணும் கணக்கில் சில ஆண்டுகளில் 600ஐத் தாண்டும்; நான்கு பேர் இறந்தால்தான் எண்ணும் கணக்கில் சில டஜன்தான் வரும். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் எண்ணைச் சொல்லாதீர்கள். தற்காப்புக்காகத் துப்பாக்கி பயன்பட்ட நிகழ்வுகளும் அப்படியே. அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பில் அவை ஆண்டுக்குச் சில பத்தாயிரம். 1990களின் ஒரு தொலைபேசி ஆய்வில் 25 லட்சம். முன்னது, குற்றம் நேர்ந்ததாகச் சொன்னவர்களிடம் மட்டுமே அடுத்த கேள்வியைக் கேட்கிறது. பின்னது எல்லாரிடமும் கேட்டது. அரிதான ஒன்றை இப்படிக் கேட்கும்போது, நூற்றில் ஒருவர் தவறாக "ஆமாம்" என்றாலும் நாடு முழுவதற்கும் பெருக்கினால் லட்சக்கணக்கில் ஏறிவிடும்.

பேசும் முறை

கேள்வியைச் சுருக்குங்கள். "துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா" என்று தொடங்கினால் பேச்சு எங்கும் போய்ச் சேராது. 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவர், பின்னணிச் சோதனை 3 வேலை நாட்களில் முடியாததால் துப்பாக்கியை வாங்கிவிட்டார். சோதனை முடியாவிட்டாலும் அதன்பின் வியாபாரி விற்கலாம் என்பதே விதி. 2022இல் வந்த சட்டம் 21 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு மட்டும், சந்தேகம் இருந்தால், இதை 10 வேலை நாட்கள்வரை நீட்டிக்க வழி செய்தது. "எல்லா வயதினருக்கும் நீட்டிக்கலாமா? அதற்குள் முன்னாள் கணவனுக்குப் பயந்து துப்பாக்கி வாங்க வருகிற பெண் என்ன செய்வாள்?" இப்படி ஒரு கேள்வியை எடுத்தால் இரண்டு பக்கமும் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

அவர் சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள்:

"அண்ணா, போலீஸ் வந்து சேர இருபது நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் குடும்பத்த நான்தான் பாத்துக்கணும்னு சொல்றீங்க. சரிதானே?"

"ஆமாப்பா, அதான்."

"அது எனக்குப் புரியுது. பையன் வீட்டுல இருக்கறப்போ அத எங்க வைக்கிறீங்க?"

குற்றஞ்சாட்டும் குரலில் கேட்டால் இந்தக் கேள்வி வீணாகிவிடும். தெரிந்துகொள்ளக் கேளுங்கள். "குழந்தைகள் செத்தாலும் உங்களுக்குக் கவலையில்லை", "எங்களை நிராயுதபாணியாக்கப் பார்க்கிறீர்கள்" ஆகிய இரண்டும் நோக்கத்தைக் குறை சொல்பவை. அவற்றுக்குப் பதில் கிடையாது, கோபம்தான் வரும். ஒரு சம்பவம் நடந்த முதல் இரண்டு நாள் வாதாடாமல் இருப்பது நல்லது. என்ன ஆயுதம், எப்படி வாங்கப்பட்டது என்று முதலில் வரும் செய்திகள் அடிக்கடி மாறும்.

உரிமையைக் கோருபவர் வீட்டில் செய்ய வேண்டியது

உரிமைக்காக வாதாடுபவரின் சொல்லுக்குக் கனம் சேர்ப்பது அவர் வீட்டுப் பூட்டுதான். பிஸ்டலைக் காலி செய்யும் வரிசை இது: குழல் பாதுகாப்பான திசையில், விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே. முதலில் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் கூட்டை) வெளியே எடுங்கள். பிறகு ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதியை) இரண்டு மூன்று முறை முழுவதும் பின்னால் இழுத்து, திறந்த நிலையில் நிறுத்துங்கள். சேம்பரை (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையை) கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பாருங்கள். வரிசையை மாற்றி ஸ்லைடை முதலில் இழுத்தால், அது முன்னே வரும்போது மேகசினின் மேல் தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். அதன்பின் மேகசினை எடுத்துவிட்டு, "காலி" என்று நம்பிச் சுட்டவர்கள் பலர்.

கேபிள் பூட்டைத் தோட்டா வெளியேறும் திறப்பு வழியாக விட்டு, மேகசின் நுழையும் வழியாக வெளியே எடுத்துப் பூட்ட வேண்டும். ஸ்லைடு மூடாது, மேகசினும் ஏறாது. டிரிகர் வளையத்தில் மட்டும் சுற்றிப் பூட்டுவது தவறு. தோட்டாக்கள் வேறிடத்தில், வேறு பூட்டில். சாவி அதே மேசை இழுப்பறையில் கிடந்தாலோ, பெட்டியின் எண் குழந்தையின் பிறந்தநாளாக இருந்தாலோ பூட்டியும் பயனில்லை. அலமாரியின் மேல்தட்டு பூட்டு ஆகாது, குழந்தைகளுக்கு அந்த இடம் தெரியும். 2024இல் மிச்சிகனில், பள்ளியில் சுட்ட மகனின் தாயும் தந்தையும் ஆள்கொலைக் குற்றத்துக்காகக் குறைந்தது 10 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்கள்.

வீட்டில் யாராவது மனமுடைந்து இருந்தால், துப்பாக்கியைச் சில வாரங்களுக்கு வெளியே கொடுத்து வையுங்கள். சில கடைகளும் காவல் நிலையங்களும் வாங்கி வைக்கும்; கைமாற்றுவதற்கான மாநில விதியை முதலில் பாருங்கள். துப்பாக்கியால் செய்யும் தற்கொலை முயற்சியில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மரணத்தில் முடிகிறது. அந்த வேகம் தணியும்வரை துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். தற்கொலைத் தடுப்பு உதவிக்கு அமெரிக்காவில் 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநில வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். பயிற்சிக் கூடத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதில் சிக்கலாகும். கிரீன் கார்டு உள்ள நண்பர் இவர்களுக்காகத் தன் பெயரில் வாங்கிக் கொடுத்தால் அவரும் குற்றவாளி; அதற்கு 15 ஆண்டுவரை சிறை உண்டு.

பேச்சில் ஒரே வாதம் மூன்றாம் முறை வந்துவிட்டால், இருவரும் ஒத்துப்போன ஒன்றை வாய்விட்டுச் சொல்லி நிறுத்துங்கள்: "தனியார் விற்பனைச் சோதனையில நமக்கு ஒத்துப்போகல. பூட்டி வைக்கணுங்கறதுல ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான்." அடுத்த முறை அங்கிருந்து தொடங்கலாம்.